தெற்கே உதித்த தைப்பொங்கல்

நான் வார்டோவில் கண்ட முதல் தைப்பொங்கல் 1988ஆம் ஆண்டினுடையது. அன்றைக்கு அந்த ஊரில் சூரியன் இல்லை. மேகம் மறைத்திருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். வானம் கழுவித் துடைத்ததுபோலத் தெளிந்து கிடந்தது. காலை எட்டு மணிக்கும் நட்சத்திரம் தெரிந்தது. சூரியன் அந்த ஊரை விட்டுப் போய் ஏழு வாரத்துக்கு மேலாகியிருந்தது. நவம்பர் நாலாம் வாரம் தொடுவானத்துக்குக் கீழே இறங்கினால், ஜனவரி 20ஐ ஒட்டித்தான் மீண்டும் முகம் காட்டும். அந்த இடைவெளிக்குள் வந்து விழுகிறது நமது தை முதலாம் நாள்.

மீன் தொழிற்சாலை விடுதியில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள். இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் இடைப்பட்ட வயது. தாய் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பொங்கல் பானையை அதுவரை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறோமே தவிர, அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் பொங்கியே ஆக வேண்டும் என்பதில் எட்டுப் பேருக்கும் ஒரே பிடிவாதம். அந்த வருடம் ஊரில் எங்கள் வீடுகளில் யார் பொங்குவார்கள், யார் எந்த அகதி முகாமில் இருக்கிறார்கள் என்பதே தெரியாத நிலை. நாங்களாவது பொங்காவிட்டால் அந்த வருடத்துக் கணக்கில் ஒரு நாள் குறைந்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

வார்டோ எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நோர்வேயின் வடகிழக்கு ஓரம், ஃபின்மார்க் மாகாணம், பாரன்ட்ஸ் கடலில் ஒரு சின்னத் தீவு. இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் ஒஸ்லோ நேரத்தைத்தான் காட்டும். 1982இல் கடலுக்கு அடியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வெட்டிப் பெருநிலத்தோடு இணைத்தார்கள். நோர்வேயில் கடலுக்கு அடியில் வாகனங்களுக்காக வெட்டிய முதல் சுரங்கம் அதுதான். நான் போன காலத்தில் சுமார் 3,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். மீன்தான் ஊரின் உயிர். குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வெப்ப நீரோட்டம் வந்து தொடுவதால் துறைமுகம் உறைவதில்லை. காற்றுத்தான் பொல்லாதது. மரமென்று ஒன்றும் அந்தக் காற்றில் நிற்காது. வேலிக்கு வேலி பனை நின்ற வடமராட்சியிலிருந்து போன எனக்கு முதலில் கண்ணை உறுத்தியது பனியும் அல்ல, இருட்டும் அல்ல, அந்த வெறுமைதான். ஊர்க் கோட்டைக்குள் ஒரே ஒரு மரம் நின்றது. குளிர்காலம் வந்ததும் சிப்பாய்கள் அதைப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்திக் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த மரத்தைப் பார்க்கவே கோட்டைக்குப் போவேன்.

எங்கள் ஊர் கரவெட்டி. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கோயிலில் தஞ்சம் புகுந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகு ஊரில் இளைஞனாக இருப்பதே குற்றமாகிவிட்டது. நோர்வேயில் பரீட்சை இல்லாமல், விடுதியோடு ஒரு வருடம் படிக்கும் மக்கள் உயர்பள்ளிகள் உண்டு; அப்படியொன்றில் இடம் கிடைத்து வந்தவர்களில் நானும் ஒருவன். சின்ன வயதில் குருநகர், காரைநகர்ப் பக்கம் ‘சீநோர்’ என்ற மீன்பிடித் தொழில் நிறுவனத்தின் பெயர் அடிக்கடி காதில் விழும். அதில் பாதி சிலோன், பாதி நோர்வே என்பது பின்னால்தான் தெரிந்தது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இலேயே நோர்வே வந்து மீன் தொழிலைக் கற்றவர். சீநோர் அவருடைய முயற்சியில் பிறந்தது. மீன் அறிவை இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக அவர் வந்தார். முப்பது வருடம் கழித்து நாங்கள் உயிரைக் கொண்டு வந்து அதே மீனிடம் சேர்ந்தோம்.

பள்ளியில் படித்த நோர்வே மொழியைவிடத் தொழிற்சாலையில் படித்ததுதான் அதிகம். முதல் வாரத்தில் தெரிந்த சொற்கள்: தொர்ஸ்க், ஹீசெ, சேய், க்னீவ், கஃபே. மூன்று மீன், ஒரு கத்தி, ஒரு காப்பி. அதற்கு மேல் ஒரு நாளை ஓட்ட வேறு சொல் தேவைப்படவில்லை. எனக்குக் கிடைத்தது வெளிச்ச மேசை. மேசையின் மேற்பரப்பு பால்நிறக் கண்ணாடி. கீழே விளக்கு எரியும். தொர்ஸ்க் மீனின் சதைத்துண்டை அதன்மேல் விரித்தால் ஊடே ஒளி பாயும். முள், இரத்தப் புள்ளி, சுருண்டு கிடக்கும் புழு எல்லாம் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் எடுக்க வேண்டும். இருட்டில் எழுந்து, இருட்டில் நடந்து, இருட்டில் திரும்பிய அந்த வாரங்களில் என் முகத்தில் விழுந்த வெளிச்சம் அந்த மேசையின் வெளிச்சம் மட்டுமே. கண் கூசும் அளவுக்கு வெள்ளை. மீனுக்கு நடுவே நின்று அதை வெயிலென்று வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஐம்பது வயது கடந்த ஒரு நோர்வே அம்மா. இந்த நாட்டில் யாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஆசிரியரையும், மருத்துவரையும், மேயரையும்கூட. தாயின் வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் எட்டுப் பேருக்கும் நா எழவில்லை. அதனால் அவர் எங்களுக்கு ‘மாமி’ ஆனார். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். அம்மாவின் சகோதரனுடைய மனைவி என்றோம். அவர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அப்படியானால் எனக்கு ஒரே நாளில் எட்டு மருமக்கள்!” அந்த வருடக் கிறிஸ்துமஸ் அட்டையில் தன் பெயரை எழுதாமல் ‘மாமி’ என்று அவர்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இருட்காலத்தை அவர்கள் மொர்க்கெதீட் என்பார்கள். அது முழு இருட்டல்ல என்பதை எனக்குக் காட்டித் தந்தவரும் அவரே. பத்து மணிக்குப் பிறகு தெற்கு வானம் மெல்ல வெளிறும். பனி முழுதும் நீலமாகும். நீலம் என்றால் நம் ஊர்க் கடல் நீலம் அல்ல, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தெளித்ததுபோல ஒரு நீலம். ஒரு மணிக்கெல்லாம் மூடிவிடும். அந்த மூன்று மணி நேரத்துக்காகக் காப்பி இடைவேளையில் எல்லோரும் சன்னலோரம் வந்து நிற்பார்கள். பேச மாட்டார்கள். நின்று குடித்துவிட்டுப் போவார்கள். மாமி எங்களுக்கு மீன் எண்ணெய்ப் போத்தலும் வாங்கித் தந்தார். நோர்வே மொழியில் எந்த மாதத்தின் பெயரில் ‘ர்’ ஒலி வருகிறதோ அந்த மாதமெல்லாம் ஒரு கரண்டி குடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பாட்டி வைத்தியம். செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒன்றுவிடாமல் ‘ர்’ வரும். மே தொடங்கி ஓகஸ்ட் வரை வராது. வெயில் இருக்கும் மாதத்துக்கு எண்ணெய் வேண்டாம், வெயில் இல்லாத மாதத்துக்கு வேண்டும். எழுத்தறிவையும் உடலறிவையும் ஒன்றாகக் கட்டிய இந்தக் கணக்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொங்கலுக்கு வருகிறேன். பச்சையரிசி எங்கே கிடைக்கும்? மாமிதான் கடையில் ‘க்ரொட்ரீஸ்’ என்ற பொதியைக் காட்டினார். கஞ்சி அரிசி. கட்டைக் குட்டையாக, வெந்தால் குழைவாக வரும். நோர்வேக்காரர்கள் அதைப் பாலில் காய்ச்சி, மேலே வெண்ணெய்த் துண்டும் சீனியும் கறுவாத்தூளும் தூவிச் சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரே ஒரு வாதுமைப் பருப்பைக் கஞ்சிக்குள் ஒளித்து வைப்பார்கள். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு மர்சிப்பான் என்ற வாதுமை இனிப்பில் செய்த பன்றிக்குட்டி பரிசு. பாற்கஞ்சி இவர்களுக்கும் பண்டிகைச் சாப்பாடு என்று தெரிந்ததும் மனதில் ஒரு பாரம் இறங்கியது. பயறு கிடைக்கவில்லை. சர்க்கரைக்குப் பதில் பழுப்புச் சீனி. தேங்காய் உலர்த்திய துருவலாக இருந்தது. முந்திரிகை வற்றல் தாராளம். கரும்பும் மாவிலையும் மனதுக்குள் மட்டும்.

விடுதி வாசலில் பனியை வெட்டி ஒரு முற்றம் செய்தோம். அடுத்தது கோலம். எங்களில் ஒருவன் அரிசி மாவோடு வந்து குனிந்தான், குனிந்தபடியே நின்றான். வெள்ளைப் பனியில் வெள்ளை மாவு! எட்டுப் பேரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, ஊரை விட்டு வந்தபிறகு முதல் முறையாக வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு மஞ்சள் தூளும் காப்பித் தூளும் கொண்டு கோலம் போட்டோம். தெருவிளக்கின் கீழே மஞ்சளும் மண்ணிறமுமாக அது எத்தனை அழகாகத் தெரிந்தது! எங்கள் அம்மாக்கள் சாணி மெழுகிய தரையில் வெள்ளை மாவால் போட்டதன் நேர் எதிர் வண்ணம்.

அதன்பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. பானையை எந்தத் திசை பார்த்து வைப்பது? கிழக்கு என்றார்கள் எல்லோரும். எங்களில் மூத்தவர் சாவகச்சேரிப் பக்கத்து அண்ணை ஒருவர். ஊரில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த குடும்பம். வாக்கியமா, திருக்கணிதமா என்று யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடக்கும் வழக்கில் வாதாடி வளர்ந்தவர். அவர் அமைதியாகக் கேட்டார். “தம்பி, கிழக்கே சூரியன் வருமா?” வராது. “வரும்போது எங்கே வரும்?” யாருக்கும் தெரியவில்லை. மாமியிடம் கேட்டோம். மதியத்தை ஒட்டித் தெற்கே வரும் என்றார். தெற்கேயே எழும்பி, சற்று நேரம் தொடுவானத்தில் உருண்டு, தெற்கேயே விழுந்துவிடும். அண்ணை வெகுநேரம் யோசித்தார். யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் உதித்து வெகு நேரமாகிவிட்டது, இங்கே உதிக்கப்போவதில்லை, பிறகு எந்தத் திசையைப் பார்க்க? கடைசியில் பானை கிழக்கே பார்த்தது. வழக்கத்தை ஒரே வருடத்தில் மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

பால் பொங்கியது. காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து, மூன்று முறை பற்றவைத்த பிறகு பொங்கியது. “பொங்கலோ பொங்கல்” என்று கூவியபோது பக்கத்து வீட்டுச் சன்னல்களில் விளக்கெரிந்தது. மாமி கையில் மெழுகுவர்த்தியோடு வந்தார். அந்த நாட்டு வழக்கப்படி, இருட்டில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் வெளிச்சத்தோடு போவது மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வாதுமைப் பருப்பு யாருக்கு வந்தது என்று கேட்டார். நாங்கள் ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை என்றதும் அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆறேழு நாள் கழிந்திருக்கும். வெளிச்ச மேசையில் நின்றிருந்தேன். காலை பதினொரு மணியைத் தாண்டிய நேரம். திடீரென்று பீரங்கி முழங்கியது.

தரையில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. தலையைக் கைகளால் மூடியிருந்தேன். பக்கத்தில் மற்ற ஏழு பேரும் மேசைகளின் கீழே. ஈரத் தரை, மீன் கழுவிய தண்ணீர். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் ஐந்து கோணத்தில் கட்டிய கோட்டை. எண்பதுகளில் அதற்குள்ளிருந்து ஏவிய எறிகணைகள் நகரத்தின் மேல் விழுந்த நாட்களை அங்கே வாழ்ந்த எவரும் மறக்க முடியாது. வார்டோவிலும் ஒரு கோட்டை. வார்டோஹூஸ், 1738இல் கட்டி முடித்தது, நட்சத்திர வடிவம். கோட்டையிலிருந்து பீரங்கி என்றால் எங்கள் உடம்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொருள்தான்.

மாமி என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு என் தலையில் கை வைத்தார். “சூலா,” என்றார். “சூலா எர் தில்பாகெ.” சூரியன். சூரியன் திரும்பி வந்துவிட்டது.

கோட்டையிலிருந்து பார்த்தால் சூரிய வட்டம் முழுதாகத் தெரிகிற முதல் நாளில் பீரங்கி வெடித்து வரவேற்பார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. மேகம் இருந்தால் வெடிக்க மாட்டார்கள்; கண்ணால் கண்ட பிறகுதான். இதையெல்லாம் அவர் சொன்னதும், எங்களை எழுப்பி, மீன் வழியும் மேலங்கிகளோடு வெளியே கூட்டிப்போனதும் நடந்தது ஐந்து நிமிடத்துக்குள். தெற்கே, தொடுவானத்துக்குச் சற்று மேலே, செம்மஞ்சள் நிறத்தில் அது நின்றது. கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கும் அளவுக்கு மெல்லிய சூரியன். தெருவில் பிள்ளைகள் ஓடினார்கள். கிழவர்கள் வாசல்களில் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். என் நிழல் பனியில் விழுந்து நீண்டு கிடந்தது. ஏழெட்டு வாரம் நிழலில்லாமல் திரிந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் புலப்பட்டது.

அண்ணை கைகூப்பி நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. “உத்தராயணம்” என்றார்.

அந்தச் சொல்லை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தை முதல் சூரியன் வடக்கு நோக்கி நகர்கிறான், ஆடி முதல் தெற்கு நோக்கி. கரவெட்டியில் அது பஞ்சாங்கத்தில் அச்சடித்த ஒரு வரி. தையிலும் ஆடியிலும் அதே கிழக்கு வேலிக்குப் பின்னால்தான் எழும்பும். சற்று இப்படி, சற்று அப்படி. வார்டோவில் தெற்கே போன சூரியன் போயே போய்விட்டது. வடக்கு நோக்கி வந்தபோது கண்ணெதிரே வந்தது. நம் முன்னோர் நாள் குறித்து வைத்த பயணத்தை நான் முழுதாகப் பார்த்தது, அவர்கள் ஒருபோதும் வந்திராத ஒரு தீவில். சூரியன் வரும்போது வெடி கொளுத்துவதும் நமக்குப் புதிதல்லவே! பானை பொங்கியதும் சீனவெடி கொளுத்தாத பொங்கல் யாழ்ப்பாணத்தில் உண்டா?

அன்று மாலை இரண்டாவது பொங்கல் பொங்கினோம். பானை தெற்கே பார்த்தது. அண்ணையே திருப்பி வைத்தார். உள்ளே ஒரு வாதுமைப் பருப்பு போட்டோம். அது மாமிக்கே போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டோம்.

நாளுக்கு நாள் வெளிச்சம் ஓடி வந்தது. வாரத்துக்கு வாரம் மணிக்கணக்கில் பகல் நீளும். ஈஸ்டர் வரும்போது ஊர் இன்னும் வெண்பனிக்குள்தான்; ஆனால் வெயில் பளீரென்று அடிக்கும். நோர்வேக்காரர்கள் ஈஸ்டருக்குக் குடில்களுக்குப் போவார்கள். தோடம்பழம், சொக்லேட், ஒரு துப்பறியும் நாவல். கொலைக்கதைக்கும் இயேசு உயிர்த்த நாளுக்கும் என்ன தொடர்பு என்று மாமியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் ஈஸ்டர் இல்லை என்றார். 1923இல் ஒரு பதிப்பகம் தன் நாவலுக்கான விளம்பரத்தைச் செய்தித்தாளின் முகப்பில் செய்திபோலப் போட்டதிலிருந்து தொடங்கிய வழக்கம் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். நான் கண்ட ஈஸ்டர் இதுதான்: மரவீட்டின் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, பனியில் மான்தோல் விரித்து, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தோடம்பழத் தோல். வெயிலுக்கு முகம் கொடுத்து இப்படி உட்கார்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் ஊரில் வெயில் என்றால் குடை, மரநிழல், தலையில் துவாய். இங்கே நானும் உட்கார்ந்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன்.

அந்த மாதங்களில் ஊரின் ஓரங்களில் மரச்சட்டங்களில் தொர்ஸ்க் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிடுவார்கள். உப்பு இல்லை. குளிரும் காற்றும் மட்டுமே காயவைக்கும். நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும். இவர்களுடைய கருவாட்டுக்குக் காற்றும் உறைபனியும். காய்ந்தபின் கட்டைபோல ஆகிவிடும், சுத்தியலால் அடித்துத்தான் உடைக்க வேண்டும். தலைகளைத் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். பச்சைத் தலைகளை நாங்கள் சொதிக்குக் கேட்டபோது மேலாளர் ஒரு பெட்டி நிறையத் தந்துவிட்டு, கூலியில் கழிக்கவும் மறுத்துவிட்டார். தொர்ஸ்க் மீன் புளிக்குழம்பில் நில்லாது. இதழ் இதழாகப் பிரிந்து குழம்போடு கரைந்துவிடும். ஸ்டேன்பீட் என்று கோரைப்பல் முகத்தோடு ஒரு மீன் வரும். பார்க்கப் பயங்கரம், குழம்பில் தங்கம். சதை இறுக்கமாக நிற்கும். வார்டோவில் இதைக் கண்டுபிடித்த நாள் எங்கள் விடுதிக்குத் திருநாள்.

மே மாதம் 17ஆம் நாள் அவர்களுடைய அரசியலமைப்பு நாள். 1814இல் எழுதியது. தெருவோரத்தில் இன்னும் பனிக்குவியல் கிடக்க, எல்லோரும் பாரம்பரிய உடையில், பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம். ஊர்வலம் வரும் என்றார்கள். ஒரு நாட்டின் தேசிய நாள் ஊர்வலம் என்றால் என் மனக்கண்ணில் எழுந்தவை சீருடை, துப்பாக்கி, கவச வாகனம். வந்தது பள்ளிக்கூடம். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள், கையில் சின்னக் கொடி, முன்னால் மேளம் வாசிக்கும் பிள்ளைகள். அவ்வளவுதான், ஊர்வலம் முடிந்துவிட்டது. ஓரத்தில் நின்ற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நாடு தன்னைக் கொண்டாட இது போதும் என்று நினைத்ததே! பின்னால் என் மகள் அந்த வரிசையில் நடந்த வருடம் நான் படம் எடுக்கவில்லை. எடுக்க முடியாதபடி கண் மறைத்தது.

மே நடுப்பகுதி தொட்டு ஜூலைக் கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டுக்குப் பழகியதுபோல இதற்கு என்னால் பழக முடியவில்லை. சன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டித்தான் தூங்கினேன். நள்ளிரவு ஒரு மணிக்குப் பிள்ளைகள் தெருவில் பந்தடிப்பார்கள். யாரும் கண்டிக்க மாட்டார்கள். “குளிர்காலத்துக்கும் சேர்த்து விளையாடுகிறார்கள்” என்பார் மாமி. ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. மாலை விளக்கு வைக்கிறாயா என்று கேட்டிருந்தார். மாலையே இல்லாத ஊரில் எப்போது வைப்பது? ஆறு மணிக்கு வைத்தேன். வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியும். வைக்கிறேன் அம்மா என்று பதில் எழுதினேன்.

1990ஐ ஒட்டிக் கடலில் மீன் குறைந்து, பிடிக்கும் அளவையும் கடுமையாகக் குறைத்தபோது வேலை நாட்கள் சுருங்கின. ஒவ்வொருவராகத் தெற்கே இறங்கினோம். மனைவி வந்து, பிள்ளைகள் பிறந்து, அவர்களுடைய படிப்பை எண்ணி நானும் 1996இல் ஒஸ்லோவுக்கு வந்தேன். குரூருட் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீடு. பக்கத்தில் தமிழ்க் கடை, அம்மெருட்டில் சிவசுப்பிரமணியர் கோயில், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி. இங்கே பயறும் உண்டு, பச்சையரிசியும் உண்டு, கரும்பும் மாவிலையும்கூட விமானத்தில் வருகின்றன. தைப்பொங்கலன்று காலை ஒன்பது மணியளவில் சூரியனும் வந்துவிடும். எல்லாம் இருக்கிறது. ஆனாலும் முதல் வருடம் ஒஸ்லோவில் பொங்கிவிட்டு உட்கார்ந்தபோது, இன்னும் ஏதோ வர வேண்டும் என்று காத்திருந்தேன். மனைவி கேட்டார், “எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு ஐந்து நாள் கழித்து, மதியத்துக்கு முன், தொலைபேசி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை, காற்றின் இரைச்சல், கடற்காகங்கள், தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல். பிறகு பீரங்கி. அதற்குப் பிறகுதான் மாமியின் குரல். வாங்கியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாராம். “கேட்டதா?” என்றார். கேட்டது. அன்று மாலை இரண்டாவது பொங்கல் வைத்தோம். தெற்கே பார்த்த மாடத்தில்.

அந்த அழைப்பு ஒரு வருடமும் தவறவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பொங்கல் உண்டென்றே அறிந்து வளர்ந்தார்கள். ஒன்று கரும்போடு, மற்றது வாதுமைப் பருப்போடு. மற்றத் தமிழ் வீடுகளில் ஒன்றுதான் என்று தெரிந்தபோது மகள் அவர்களுக்காக வருத்தப்பட்டாள். மாமிக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சன்னலைத் திறக்கத் தாதி உதவுகிறார்.

இந்த வருடம் 20ஆம் நாள் அழைப்பு வரவில்லை. 21ஆம் நாளும் இல்லை. வார்டோவில் கடும் மேகமென்று வானிலை அறிக்கை சொன்னது. ஆனாலும் தொலைபேசி இருக்கும் அறையை விட்டு நான் அதிகம் நகரவில்லை. மனைவி அரிசியை அளந்து கிண்ணத்தில் போட்டு, ஒரு வாதுமைப் பருப்பை அதன்மேல் வைத்து, மூடி வைத்திருந்தார். 22, 23. பேத்தி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

24ஆம் நாள் பதினொரு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. காற்று. கடற்காகம். நான் பேத்தியின் காதில் வாங்கியை வைத்தேன்.